காட்டிடம் அரசு கேட்ட நான்கு கேள்விகள்

மாலை ஆறு மணி ஆனதும் பண்ணாரிச் சோதனைச் சாவடியில் கனரக வண்டிகளுக்குத் தடுப்புக்கட்டை இறங்கிவிடும். மைசூர்ப் பக்கம் போகவேண்டிய லாரிகள் சாலையோரம் வரிசைகட்டும். ஓட்டுநர்களில் சிலர் அடுப்பைப் பற்றவைப்பார்கள். சிலர் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் கார்களும் நிற்க வேண்டும். அதன் பிறகு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் யானைக்கும் சிறுத்தைக்கும் கடமானுக்கும் உரியவை. மனிதனின் முறை காலை ஆறு மணிக்குத்தான் வரும். ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது.

இதே சாவடியை எண்பதுகளில் ஓர் இரவுப் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பார்த்த நினைவு எனக்கு இருக்கிறது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முன்னால் நின்ற லாரியின் தார்ப்பாயைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னப்பா தேடுறாங்க?" என்று கேட்டேன். "சந்தனக்கட்டை" என்றார் அப்பா. வண்டி மேலே ஏறியது. வளைவு ஒன்றில் யானை நின்றது. ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்தார். யானை சரிவில் இறங்கி ஒதுங்கியது. பேருந்தில் இருந்த யாருக்கும் அதில் தவறு இருப்பதாகத் தோன்றவில்லை.

சாவடி அதேதான், சாலையும் அதேதான். அன்று அந்தக் கட்டை, காட்டிலிருந்து பொருள் வெளியே போய்விடாமல் பார்த்துக்கொண்டது. இன்று அதே கட்டை, காட்டுக்குள் நாம் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த மாற்றம் ஓர் இரவில் வரவில்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அரசு காட்டைப் பற்றித் திட்டமிட்டு வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் அதன் மனத்தில் ஒரே ஒரு கேள்விதான் முன்னே நின்றிருக்கிறது. அந்தக் கேள்வி மாறியபோதெல்லாம் காடும் மாறியது.

எவ்வளவு எடுக்கலாம்?

வெள்ளைக்கார அரசின் முதல் கேள்வி இதுதான். புலியைக் கொன்று தோலைக் கொண்டுவந்தால் சன்மானம் கிடைத்த காலம் அது. பயிரை அழிக்கிறது என்று யானையைக் கொன்றவருக்கும் சென்னை மாகாணத்தில் பரிசு கொடுத்தார்கள். பிறகு, யானை உயிரோடு இருந்தால் மரம் இழுக்கும் என்பது உறைத்தது. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 1879இல் நீலகிரிக்கென்று தனியாக ஒரு வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதங்களில் சுடலாம், எந்த மாதங்களில் கூடாது என்று அது வகுத்தது. அந்தச் சட்டத்தால் வரையாடும் கடமானும் பிழைத்தது உண்மை. ஆனால் அடுத்த பருவத்தில் சுடுவதற்கு விலங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பதே அந்தப் பாதுகாப்பின் நோக்கம்.

விடுதலை வந்தது, கேள்வி மாறவில்லை. புதிய நாட்டுக்கு மின்சாரம், உணவு, தொழிற்சாலை எல்லாம் தேவைப்பட்டன. அந்தத் தேவையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திட்டம் போட்டவர்களின் கண்ணுக்கு நீலகிரியின் உச்சிப் புல்வெளிகள் வெற்று நிலமாகத் தெரிந்தன. பஞ்சைப் போல மழையை உறிஞ்சி ஆண்டு முழுக்க ஓடைகளுக்கு நீர் கசியவிட்ட புல்வெளிகள் அவை. அவற்றில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், விறகுக்கும் சிறுமுகையில் இயங்கிய செயற்கைப் பட்டு ஆலைக்கும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். சீகை, யாரும் நடாத இடத்துக்கும் தானே பரவியது. வரையாடு மேய்ந்த புல் நிழலில் கருகியது. அதைச் செய்தவர்கள் காட்டின் எதிரிகள் அல்லர். ஐந்தாண்டுத் திட்டத்தைக் கடமையாக நிறைவேற்றிய அலுவலர்கள். கேள்வி தவறாக இருந்தால் நல்ல மனிதர்களின் உழைப்பும் தவறான இடத்தில் போய்ச் சேரும் என்பதற்கு நீலகிரியின் மலைமுடிகளே சாட்சி.

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் தெங்குமரஹாடா இன்னொரு சாட்சி. நாடு உணவுக்குத் தவித்த 1948இல் அங்கே கூட்டுறவு விவசாயச் சங்கம் அமைந்தது. காட்டு நிலத்தைத் திருத்தி விளைவிக்கச் சொல்லி அரசே குத்தகைக்குக் கொடுத்தது. மக்கள் போனார்கள்; நெல்லும் வாழையும் மஞ்சளும் விளைந்தன. அந்த ஊரின் கதைக்குப் பிறகு திரும்பி வருகிறேன்.

எத்தனை இருக்கின்றன?

1952இல் இந்தியாவில் சிவிங்கிப்புலி அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டில்தான் இந்திய வனவிலங்கு வாரியமும் அமைக்கப்பட்டது. ஒன்று கண் முன்னால் போன பிறகுதான் மிச்சம் எத்தனை என்று கேட்கத் தோன்றியது. 1969இல் புதுடில்லியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மாநாடு, புலியின் நிலைமை மோசம் என்று எச்சரித்தது. 1972இல் எடுத்த கணக்கில் நாடு முழுவதிலும் கிடைத்த எண்ணிக்கை 1,827.

அதன் பிறகு அரசு காட்டிய வேகம் இன்று நினைத்தாலும் வியப்பைத் தருகிறது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1973 ஏப்ரல் 1 அன்று கார்பெட் காட்டில் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் தொடக்கம், ஒன்பது காப்பகங்களோடு. 1976இல் அரசியல் சட்டத் திருத்தம்: காட்டையும் வன உயிர்களையும் காப்பது அரசின் நெறியாகவும் குடிமகனின் கடமையாகவும் எழுதப்பட்டது; மாநிலங்களிடம் மட்டும் இருந்த காடும் வன உயிரும் பொதுப் பட்டியலுக்கு வந்தன. 1980இல் காடுகள் பாதுகாப்புச் சட்டம். 1983இல் நாட்டின் முதல் தேசிய வனவிலங்குச் செயல்திட்டம். பதினோரு ஆண்டுகளில், வேட்டை உரிமம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு நாடு, துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்லும் நாடாக மாறியது. இன்றைக்கு நம் காடுகளில் உயிரோடு இருப்பவற்றில் பெரும்பகுதி அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குக் கடன்பட்டவை.

ஆனாலும் அந்தத் திட்டம் காட்டைக் கோடு போட்டுப் பார்த்தது. முதல் ஒன்பது காப்பகங்களில் பந்திப்பூர் இருந்தது. மாயாற்றுக்கு இந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் முதுமலை இல்லை. முதுமலை 1940 முதலே சரணாலயம்தான். என்றாலும் புலிகள் காப்பகம் என்ற தகுதி அதற்குக் கிடைத்தது 2007இல். நடுவே 34 ஆண்டுகள். ஆற்றைத் தாண்டி வந்து நீர் குடித்துவிட்டுப் போகும் புலிக்கு எந்தக் கரையில் தான் திட்டத்துக்குள் இருக்கிறோம் என்பது தெரியாது. கணக்குப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

அந்தப் பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வனக்காப்பாளர்கள் ஓடை மணலில் புலியின் கால்தடத்தைத் தேடுவார்கள். தடத்தின் மேல் கண்ணாடித் தகட்டை வைத்து வரைந்துகொள்வார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுப்பார்கள். ஒவ்வொரு புலிக்கும் தடம் வேறு, பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரிந்துவிடும் என்பது நம்பிக்கை. வெயிலில் நடந்து அந்த அச்சுகளைச் சுமந்து வந்தவர்களின் உழைப்பு பெரியது. ஆனால் ஈர மணலில் ஒரு மாதிரியும் காய்ந்த மண்ணில் ஒரு மாதிரியும் விழும் தடத்தை வைத்து ஒன்றை இரண்டாக எண்ணிவிட வாய்ப்பு அதிகம். மேலிடத்துக்குக் குறைந்த எண்ணைச் சொல்லப் பயந்தால், அந்த வாய்ப்பு வழக்கமாகவே ஆகிவிடும்.

ராஜஸ்தானின் சரிஸ்கா அந்த நம்பிக்கையை உடைத்தது. 2004 வரை பதிவேட்டில் புலிகள் உலவிய காப்பகம் அது. 2005இல் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டைக்காரர்கள் துடைத்தெடுத்திருந்தார்கள். சுனிதா நாராயண் தலைமையில் புலிகள் பணிக்குழு அமைந்தது. 2006இல் சட்டம் திருத்தப்பட்டுத் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. எண்ணும் முறையும் மாறியது. மரத்தில் கட்டிய தானியங்கி கேமரா புலியின் வரிகளைப் படம் பிடிக்கும். நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. பழைய முறையில் 3,642 என்று இருந்த எண்ணிக்கை 2006இல் எடுத்த புதிய கணக்கெடுப்பில் 1,411 ஆனது. நாடே அதிர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை செத்தன, எத்தனை தொடக்கத்திலிருந்தே காகிதத்தில் மட்டும் வாழ்ந்தன என்று இனிப் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் கசப்பான எண்ணை மறைக்காமல் வெளியிட்டதுதான் மீட்சியின் தொடக்கம் என்று நான் நம்புகிறேன். 2022 கணக்கெடுப்பில் 32,588 இடங்களில் கேமரா வைத்தார்கள். சுமார் 4.7 கோடிப் படங்கள் கிடைத்தன. மதிப்பிடப்பட்ட புலிகள் 3,682. ஒன்பதாக இருந்த காப்பகங்கள் 2025இல் 58 ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் 2006இல் 76 ஆக இருந்த புலிகள் 2022இல் 306. களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை என ஐந்து காப்பகங்கள் நம்மிடம் இருக்கின்றன. சந்தனக் கடத்தலின் பேரால் மட்டுமே நாடறிந்த சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது. பத்தாண்டுக்குள் புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக உலக அளவில் விருதும் பெற்றது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த அந்தக் காக்கிச் சட்டைக்காரருக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

எந்த வழியாக நடக்கின்றன?

எண்ணிக்கை கூடிய பிறகுதான் மூன்றாம் கேள்வி பிறந்தது. காப்பகம் நிறைந்துவிட்டால் குட்டிப்புலி எங்கே போகும்? கோடையில் ஓடை வற்றினால் யானைக்கூட்டம் எந்த வழியாக அடுத்த நீருக்குப் போகும்? வேலி போட்ட தோட்டத்தைப் போலக் காட்டைப் பார்த்த திட்டத்தில் இதற்கு விடை இல்லை.

இந்தப் பார்வை மெல்ல வளர்ந்தது. 1986இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றையும் தழுவிய 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பு நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. நாட்டிலேயே அது முதலாவது. 1992இல் யானைகள் பாதுகாப்புத் திட்டம். 2002இல் இரண்டாவது செயல்திட்டம் வந்தது. 2017இல் வெளியான மூன்றாவது தேசியச் செயல்திட்டம் 2031 வரைக்கும் உரியது. 103 பாதுகாப்பு நடவடிக்கைகளையும் 250 பணித்திட்டங்களையும் அது வகுக்கிறது. சரணாலய எல்லையோடு நின்றுவிடாமல் காடு, வயல், தோட்டம், ஆறு, கடற்கரை எல்லாவற்றையும் ஒரே நிலப்பரப்பாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பருவநிலை மாற்றத்தை வனவிலங்குத் திட்டத்துக்குள் கொண்டுவந்ததும் அதுதான்.

காகிதத்தில் இப்படி எழுதிவிடலாம். தரையில் இதன் விலை என்ன என்பதை மசினகுடிக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் வரும் சீகூர்ப் பீடபூமி, மேற்குத்தொடர்ச்சி மலை யானைகளும் கிழக்குத்தொடர்ச்சி மலை யானைகளும் கலக்கும் கழுத்துப் பகுதி. அங்கே விடுதிகளும் மின்வேலிகளும் பெருகின. தமிழ்நாடு அரசு 2010இல் யானை வழித்தடத்தை அறிவித்து ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018இல் பல விடுதிகள் பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் வழித்தட ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. 2021 ஜனவரியில் அதே மசினகுடியில், கட்டடம் ஒன்றின் அருகே வந்த யானை மீது எரியும் டயரை வீசிய காணொளி வெளியானது. அந்த யானை இறந்துவிட்டது. தீர்ப்பால் வழியைத் திறக்க முடியும். அந்த வழியில் நடப்பவனைப் பொறுத்துக்கொள்ளும் மனத்தை எந்தத் தீர்ப்பும் தர முடியாது.

நல்லது நடந்த இடமும் உண்டு. கோவை மதுக்கரைக்கும் வாளையாறுக்கும் இடையே ரயிலில் அடிபட்டு யானைகள் இறந்துகொண்டிருந்தன. 2024இல் அங்கே வனத்துறை கோபுரங்கள் நட்டு, வெப்பத்தை உணரும் கேமராக்களைப் பொருத்தி, செயற்கை நுண்ணறிவோடு இணைத்தது. யானை தண்டவாளத்தை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகிறது; அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்குச் சொல்கிறார்கள்; ரயில் மெதுவாகிறது. ஹாரன் அடித்து யானையை ஒதுக்கிய நாம், இன்று யானைக்காக ரயிலின் வேகத்தைக் குறைக்கிறோம்.

புல்வெளிக்கும் நேரம் வந்திருக்கிறது. 2023இல் தொடங்கிய தமிழ்நாட்டின் வரையாடு பாதுகாப்புத் திட்டத்துக்கு ஒதுக்கிய தொகை 25.14 கோடி ரூபாய். 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் கிடைத்தன. திட்டத்தில் கணக்கெடுப்போடு சோலைப் புல்வெளியை மீட்பதும் ஒரு பணி. ஒரு தலைமுறை அரசுப் பணத்தில் நட்ட சீகையை இன்னொரு தலைமுறை அரசுப் பணம் கொண்டே பிடுங்குகிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் உண்ணிச்செடியையும் மஞ்சக்கொன்னையையும் வேரோடு எடுக்கும் வேலை நடக்கிறது. மஞ்சக்கொன்னை மரம் காகிதக் கூழுக்குப் போகிறது. வரையாட்டை 1975இலேயே ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். அந்தக் காலத்தில் தனியொருவர் மலையேறி எண்ணியதை இன்று ஒரு மாநிலமே சேர்ந்து எண்ணுகிறது.

யாரோடு வாழ்கின்றன?

நான்காவது கேள்வியை அரசு இன்னும் வாய்விட்டுக் கேட்டு முடிக்கவில்லை.

2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் மனிதர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியைத் தேடினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அதன் தோலுக்குச் சன்மானம் கிடைத்திருக்கும். இந்த முறை, உடனே கொல்ல வேண்டாம் என்றது உயர் நீதிமன்றம். ட்ரோன் பறந்தது, கும்கிகள் வந்தன, கேமராக்கள் கட்டப்பட்டன. மூன்று வாரங்கள். கடைசியில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். அந்தத் தேடலில் புல் மடங்கியதையும் குரங்கு கத்தியதையும் வைத்து வழி காட்டியவர்கள் முதுமலையின் பழங்குடி வேட்டைத் தடுப்புக் காவலர்கள். உறவைப் பறிகொடுத்த வீட்டாரின் துயரத்துக்கு அந்தப் பிடிப்பு ஈடாகாது. ஆனால் ஒரு புலியை உயிரோடு பிடிப்பதற்கு எந்த அறிவு தேவைப்பட்டது என்பதை அந்த மூன்று வாரம் எல்லோருக்கும் காட்டியது.

அந்த அறிவை உடையவர்களுக்குத் திட்டத்தில் என்ன இடம்? இருளரும் குறும்பரும் காட்டுநாயக்கரும் பணியரும் கோடு போடுவதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர்கள். 1972இன் சட்டம் அவர்களைச் சரணாலயத்துக்குள் அத்துமீறியவர்களைப் போல நடத்தியது. 2006இன் வன உரிமைச் சட்டம் அந்த அநீதியைச் சட்டத்தின் வாயாலேயே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டமும், புலிகள் காப்பகத்தின் உள்மண்டலத்திலிருந்து மக்களை நகர்த்துவதானால் அவர்கள் விரும்பி ஒப்புக்கொண்ட பிறகே நகர்த்தலாம் என்கிறது. எழுத்தில் இருக்கும் இந்த மரியாதை இன்னும் முழுதாகத் தரைக்கு இறங்கவில்லை. நீண்டகாலமாகக் காட்டில் இரவு ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் தற்காலிகப் பணியாளர்களாகவே இருக்கிறார்கள்.

இப்போது தெங்குமரஹாடாவுக்கு வருவோம். 1948இல் காட்டைத் திருத்தி விளைவிக்கச் சொன்ன அதே அரசு, இன்று அந்த ஊரைக் காட்டுக்குத் திருப்பித் தரச் சொல்கிறது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் மக்களை இடம் மாற்ற உத்தரவிட்டது. 495 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் ரூபாய் வீதம் 74.25 கோடி என்று கணக்கு. புலிக்கும் யானைக்கும் பாறு கழுகுக்கும் அந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனைக்குப் போக ஆற்றைத் தாண்ட வேண்டியிருப்பதால் நகர விரும்பும் குடும்பங்களும் அங்கே உண்டு. போக மாட்டோம் என்பவர்களும் உண்டு. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. திட்டம் தீட்டியவர்களின் கேள்வி மாறியதற்கு, முதல் கேள்விக்கு உண்மையாக உழைத்த ஓர் ஊர் விலை கொடுக்கிறது. அந்த விலையைப் பணமாக மட்டும் எண்ணுவது நியாயமாகாது.

ஒரு சித்திரை மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். பேருந்து இக்கரையோடு நின்றுவிடும். மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். நான் இறங்கியபோது மேல்பக்கம் யானைக்கூட்டம் ஒன்று நீரில் நின்றிருந்தது. நடுவில் ஒரு குட்டி. பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். அக்கரையில் காய்கறி மூட்டைகளோடு நான்கைந்து பேர். யாரும் குரல் கொடுக்கவில்லை. சாவடி இல்லை, கட்டை இல்லை, நீதிமன்ற ஆணை எதுவும் அங்கே ஒட்டப்படவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. குட்டியை முன்னே விட்டுக் கூட்டம் கரையேறி மரங்களுக்குள் மறைந்தது. அப்போதும் அவர் உடனே எழவில்லை. "பின்னால ஒண்ணு வரும், சாமி. அது குடிச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

சொன்னபடியே வந்தது, தனியாக ஒரு கொம்பன். அது குடித்து முடித்த பிறகுதான் பரிசல் நகர்ந்தது. பண்ணாரியில் நாம் சட்டம் போட்டுக் கற்றுக்கொண்டிருக்கும் காத்திருப்பு அந்த மனிதருக்கு வாழ்க்கையாகவே இருந்தது. 2031க்குப் பிறகு நாடு எழுதப்போகும் அடுத்த செயல்திட்டத்தை வகுப்பவர்கள், பேனாவை எடுப்பதற்கு முன் ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைசி யானை வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும்.